சுமை யார் தலையில்?

கணிப்பொறியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் அறிவையே வியந்து பேசுவார்கள். கணக்குப் போடுகிறது, கடிதம் எழுதுகிறது, சதுரங்கம் ஆடுகிறது என்பார்கள். நான் இன்று அதன் அறிவைப் பற்றிப் பேச வரவில்லை. அதன் வயிற்றுக்குள் ஓயாமல் நடைபெறும் சுமைதூக்கும் வேலையைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். வன்தட்டு என்பது ஒரு பண்டகசாலை. நினைவகம் என்பது வேலை நடக்கும் மேசை. பண்டகசாலையில் கிடக்கும் செய்தி மேசைக்கு வர வேண்டும். மேசையில் எழுதி முடித்தது பண்டகசாலைக்குத் திரும்ப வேண்டும். இச்சுமையைச் சுமப்பவர் யார்? கேள்வி எளியதுதான். ஆயினும் இதற்கு விடை காண்பதில் பொறியியல் உலகம் ஐம்பது ஆண்டுக் காலம் முன்னும் பின்னுமாக நடந்திருக்கிறது. அவ்வரலாற்றின் ஒரு சிறு துணுக்கு எங்கள் பள்ளி அலுவலகத்திலும் வந்து விழுந்தது. அதனாலன்றோ நான் இதனைத் தேடிப் படிக்கலானேன்!

2003ஆம் ஆண்டில் பழைய மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி எங்கள் பள்ளிக்கு இரண்டு கணிப்பொறிகள் வாங்கித் தந்தனர். இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. மதிப்பெண் பட்டியலும் வருகைச் சுருக்கமும் அவற்றில்தான் ஏறின. மூன்று ஆண்டுகள் கழித்து ஒன்று தளர்ந்தது. காலையில் எழுத்தர் பொத்தானை அழுத்திவிட்டு இறைவணக்கக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பினாலும் அது முழுதும் விழித்திராது. திரையிலுள்ள அம்புக்குறி நொண்டி நொண்டி நகரும். பழுது பார்க்க வந்தவர் மூடியைத் திறந்தார், தூசியைத் துடைத்தார், நச்சுநிரல் உண்டா என்று தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. “இதற்கு வயதாகிவிட்டது” என்று சொல்லிச் சென்றார். வயதானால் தளர்ச்சி வரும் என்பது நாம் அறிந்த உண்மைதானே! நானும் மறுபேச்சின்றி அதனைக் கழிவுப் பட்டியலில் சேர்த்துக் கையொப்பமிட்டேன். அடுத்த ஆண்டில் இரண்டாவது பொறிக்கும் அதே தளர்ச்சி வந்தது. அவரும் அதே தீர்ப்பைச் சொன்னார்.

நிற்க. நோயைச் சொல்லுமுன் உடலைச் சொல்ல வேண்டும்.

வன்தட்டைப் படைத்த குழுவின் தலைவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்? ரெய்னால்டு ஜான்சன் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். மாணவர்கள் பென்சிலால் தீட்டும் விடைக் குறிகளைத் தானே எண்ணி மதிப்பெண் இடும் கருவியொன்றை அவர் அமைத்தார். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்னும் சிறு உண்மையே அதற்கு அடிப்படை. விடைத்தாள் திருத்திக் கை ஓய்ந்த ஆசிரியர் எவரும் அவரை வாழ்த்தாமல் இரார். ஐ.பி.எம். நிறுவனம் 1934இல் அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டது. 1952இல் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்க அனுப்பியது. அங்கே உருவாகி 1956 செப்டம்பரில் வெளிவந்ததே ராமாக் என்னும் பொறி. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1200 முறை சுழலும். அத்தனை தட்டுகளிலும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளே கொள்ளும். நொடிக்கு 8800 எழுத்துகள் அதிலிருந்து வெளிவரும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அத்தனை இடமும் போதாமற் போகலாம்.

தட்டு செய்தியைக் கொடுக்கும். அதனை வாங்கி மேசையில் வைப்பது யார்? பள்ளி அனுபவத்தைக் கொண்டே இதனை விளக்குகிறேன். தேர்வுக் காலத்தில் பண்டக அறையிலிருந்து வினாத்தாள்கள் கூடத்துக்கு வர வேண்டும். தலைமையாசிரியர் தாமே நடந்து சென்று, ஒவ்வொரு தாளாக எடுத்து வந்து மேசையில் அடுக்கலாம். அவ்வாறு செய்தால் தாள்கள் வந்து சேரும். ஆனால் அதுவரை பள்ளியில் வேறு எவ்வேலையையும் அவர் கவனிக்க இயலாது. மற்றொரு வழியும் உண்டு. “இத்தனைக் கட்டு, இன்ன அறையில், இன்ன மேசையில்” என்று ஒரு சீட்டு எழுதி அலுவலக உதவியாளரிடம் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கலாம். கட்டுகள் வந்து சேர்ந்ததும் உதவியாளர் மணியடிப்பார். அப்போது எழுந்து சென்றால் போதும்.

முதல் வழிக்குப் பி.ஐ.ஓ. என்று பெயர், நிரல்வழி உள்ளீடு–வெளியீடு என்று தமிழில் சொல்லலாம். இரண்டாம் வழிக்கு டி.எம்.ஏ. என்று பெயர், நேரடி நினைவக அணுகல் என்பது பொருள். பி.ஐ.ஓ. முறையில் பிராசசர் எனப்படும் தலைமைச் செயலகமே சுமையாளும் ஆகிறது. மேசைக் கணிப்பொறிகளின் வன்தட்டுகளில் செய்தி 512 பைட்டு கொண்ட துண்டுகளாகப் பிரித்து வைக்கப்பெற்றிருந்தது. அதனை இரண்டிரண்டு பைட்டாக எடுத்தால் ஒரு துண்டுக்கு 256 நடை. பத்து மெகாபைட்டு அளவுள்ள ஒரு கோப்பைத் திறக்க 52 இலட்சம் நடைக்கும் மேலாகிறது. அத்தனை நடையும் பிராசசரின் காலால் நடப்பதே!

பெரிய கணிப்பொறிகளைக் கட்டியவர்கள் இவ்விரயத்தை முன்பே உணர்ந்திருந்தார்கள். 1958இல் பயனுக்கு வந்த ஐ.பி.எம். 709 என்னும் பொறியில், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மட்டும் கவனிக்கச் ‘சானல்’ என்ற தனி அமைப்பை வைத்தார்கள். அது சுமை சுமக்கும். தலைமைச் செயலகம் கணக்கைத் தொடரும். எனவே கேள்விக்கு விடை அன்றே கிடைத்துவிட்டது எனலாம். கிடைத்த விடை நடுவழியில் கைநழுவிப் போனதுதான் விந்தை.

1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்னும் மேசைக் கணிப்பொறியை வெளியிட்டது. அதில் 10 மெகாபைட்டு வன்தட்டு ஒன்று இருந்தது. அதன் சுமையைத் தூக்க 8237 என்னும் டி.எம்.ஏ. சில்லு இருந்தது, ஆகவே உதவியாளர் முறைதான். 1984 ஆகஸ்டில் அடுத்த பொறியாகிய பி.சி. ஏ.டி. வந்தது. அதன் 80286 பிராசசர் 6 மெகாஹெர்ட்சில் ஓடியது. உதவியாளரோ அதே பழைய உதவியாளர்; புதிய வீட்டில் அவருடைய நடை 3 மெகாஹெர்ட்சாகக் குறைந்தும் போயிற்று. தலைமையாசிரியர் இளைஞர், ஓட்டக்காரர், உதவியாளர் முதியவர். “நீர் இரும், நானே கொண்டுவருகிறேன்” என்று தலைமையாசிரியர் கிளம்பிவிட்டார். புதிய பிராசசரில் ஒரே கட்டளையால் ஒரு துண்டு முழுவதையும் இரண்டிரண்டு பைட்டாக வாரிக்கொள்ளும் வசதியும் இருந்தது. அதனால் ஏ.டி. பொறி பி.ஐ.ஓ. முறைக்குத் திரும்பிற்று.

இது மூடத்தனமான முடிவு என்று நான் கருதவில்லை. அக்காலத்து டாஸ் என்னும் இயக்கமுறை ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்தது. செய்தி வந்து சேரும்வரை பிராசசருக்கு வேறு வேலை கிடையாது, சும்மா நின்றிருக்கும். சும்மா நிற்பவர் சுமந்தால் என்ன? கேடு அன்று வரவில்லை, பிறகுதான் வந்தது.

அந்த ஏ.டி. பொறியின் பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வன்தட்டின் கட்டுப்பாட்டு மின்சுற்றைத் தட்டின் உடலிலேயே பொருத்தும் முறை 1980களின் நடுவில் தோன்றியது, அதனை ஐ.டி.இ. என்றனர். 1994இல் அம்முறைக்கு அமெரிக்கத் தரநிலை வகுத்தபோது ஏ.டி. பொறியோடு இணைவது என்னும் பொருளில் ஏ.டி.ஏ. என்று பெயரிட்டனர். அத்தரநிலையில் பி.ஐ.ஓ. நடைக்கு மூன்று வேகங்கள்: நொடிக்கு 3.3, 5.2, 8.3 மெகாபைட்டு. இரண்டு ஆண்டுகளில் இன்னும் இரண்டு சேர்ந்து, உச்சவேகம் 16.7 ஆயிற்று. டி.எம்.ஏ. முறைக்கும் அதில் இடம் இருந்தது. அதன் உச்சமும் 16.7தான். வேகம் ஒன்றே என்றால் எதைக் கொண்டால் என்ன என்று அன்று பலர் எண்ணினார்கள். தாள் வந்து சேரும் நேரம் ஒன்றேயானாலும், ஒன்றில் தலைமையாசிரியர் நாற்காலியில் இருக்கிறார், மற்றொன்றில் தாழ்வாரத்தில் இருக்கிறார் என்பதை அட்டவணையிலுள்ள எண்கள் காட்டமாட்டா.

1995இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. பல வேலைகளை ஒருங்கே செய்யும் விண்டோஸ் 95 அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியாயிற்று. எழுதிக்கொண்டே பாட்டுக் கேட்கலாம், அச்சிட்டுக்கொண்டே கணக்குப் போடலாம் என்னும் நிலை சாதாரண வீட்டு மேசைக்கும் வந்தது. இனிப் பிராசசர் சும்மா நிற்பதில்லை. அது சுமக்கும் ஒவ்வொரு நடையும் வேறொரு வேலையைத் தட்டிப் பறிப்பதாயிற்று. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் துணைச் சில்லுகளில் புதியதோர் உதவியாளர் அமர்த்தப்பெற்றார். பழைய 8237 இல்லை. வன்தட்டின் கட்டுப்பாட்டகமே பொறியின் பொதுவழியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு நினைவகத்தில் நேரே கொண்டுவைக்கும் முறை. எங்கே வைக்க வேண்டும், எத்தனை பைட்டு வைக்க வேண்டும் என்ற பட்டியலை நினைவகத்தில் எழுதிவைத்தால், அதனைப் படித்து அதன்படி நடக்கும். நான் மேலே சொன்ன சீட்டு இதுதான்.

அந்தச் சீட்டை எழுதுவது யார்? இங்கேதான் டிரைவர் என்னும் இயக்கி வருகிறது. வன்பொருளுக்கும் இயக்கமுறைக்கும் நடுவே நின்று பேசும் சிறு நிரல் அது. உதவியாளர் வாயிலில் நின்றாலும் சீட்டெழுதத் தெரிந்த எழுத்தர் இல்லையேல் பயன் என்ன? விண்டோஸ் 95இன் முதற்பதிப்பில் அத்தகைய இயக்கி இல்லை; அடுத்த ஆண்டு வந்த பதிப்பில் சேர்ந்தது. சேர்ந்தபோதும், வன்தட்டின் அமைப்புப் பக்கத்தில் டி.எம்.ஏ. என்றொரு சிறு கட்டமாகவே நின்றது. பயனர் அதனைத் தேடிக் கண்டு குறியிட வேண்டும். சில பழைய தட்டுகள் டி.எம்.ஏ.யைப் பிழையாகக் கையாண்டமையால் இந்த எச்சரிக்கை வேண்டியிருந்தது. அக்கட்டம் இருப்பதையே அறியாமல் அன்று எத்தனையோ பேர் தம் பொறியைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டனர்.

இதற்கிடையே தட்டுகளின் வேகம் வடத்தின் வேகத்தை எட்டிப் பிடித்தது. அப்போது பிறந்ததே அல்ட்ரா டி.எம்.ஏ.; 1998இன் தரநிலையில் அது இடம்பெற்றது. அதன் உத்தி அழகானது. அதுவரை வடத்தில் துடிக்கும் காலக்குறியின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு செய்தியே சென்றது. இனி ஊஞ்சல் முன்னே போகும்போது ஒன்று, பின்னே வரும்போது ஒன்று என்று துடிப்பின் இரு விளிம்பிலும் செய்தி ஏறியது. நொடிக்கு 33 மெகாபைட்டு கிட்டியது. பிறகு அது 66, 100, 133 என்று உயர்ந்தது. 33ஐத் தாண்டியபோது வடத்திலேயே தொல்லை வந்தது. பட்டையாக அடுத்தடுத்துக் கிடக்கும் 40 கம்பிகளில் ஒன்றன் துடிப்பு பக்கத்துக் கம்பியிலும் எதிரொலித்தது. வகுப்பில் நெருங்கி உட்காரும் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதுபோல, ஒவ்வொரு கம்பிக்கும் இடையே ஒரு புவித்தொடர்புக் கம்பியை இட்டு 80 கம்பி வடம் செய்தார்கள். முனையிலுள்ள ஊசிகள் என்னவோ 40தான். பழைய வடத்தை மாட்டினால் பொறி அதனை உணர்ந்து 33ஓடு நின்றுகொள்ளும்.

அல்ட்ரா டி.எம்.ஏ.யில் வேறொரு நற்பண்பும் இருந்தது. மதிப்பெண் பட்டியலின் அடியில் கூட்டுத்தொகை எழுதுகிறோமே, அதுபோல ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் செல்லும். அனுப்பியவரும் பெற்றவரும் தனித்தனியே கணக்கிட்ட எண்கள் ஒத்துப்போகாவிட்டால் வழியில் ஏதோ சிதைந்தது என்று அறிந்து மீண்டும் அனுப்பச் செய்யலாம். பி.ஐ.ஓ. முறையில் வடத்தின்மீது இந்தக் காவல் இல்லை. ஆகவே வேகம் வந்தபோது கூடவே பிழையைக் கண்டறியும் கண்ணும் வந்தது. நேயர்கள் இதனை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிழை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதால்தான் பின்வரும் கதை நடந்தது.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் குறியிட வேண்டிய அந்தச் சிறு கட்டம் போய்விட்டது. ‘இயலுமாயின் டி.எம்.ஏ.’ என்பதே இயல்பான அமைப்பாயிற்று, ‘பி.ஐ.ஓ. மட்டும்’ என்பது மாற்று. இயக்கி தானே தட்டை வினவி அது தாங்கும் உயர்ந்த நடையைத் தேர்ந்துகொண்டது. பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்றும் அதற்குக் கற்பித்திருந்தார்கள். சரிபார்ப்பு எண் தவறினாலோ, குறித்த நேரத்துக்குள் தட்டு விடை தராவிட்டாலோ அது ஒரு பிழை. அவ்வாறு ஆறு பிழைகள் சேர்ந்தால் நடை ஒரு படி குறையும். பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாக இறங்கிக் கடைசியில் பி.ஐ.ஓ.வில் வந்து நிற்கும்.

எழுதியவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல நான் ஒருப்படேன். சிதைந்த செய்தியை விரைவாகக் கொடுப்பதைவிடச் சரியான செய்தியை மெல்லக் கொடுப்பது நன்றே. ஆனால் அந்த ஆறு என்னும் கணக்கு ஒரு நாளைய கணக்கோ ஒரு வாரக் கணக்கோ அன்று, மொத்தக் கணக்கு. இடையில் கோடிக்கணக்கான நடைகள் பழுதின்றி நிகழ்ந்தாலும் முதற்பிழை அழியாது. சனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று என்று சேர்ந்தாலும் ஆறு ஆறுதான். உறக்கநிலையிலிருந்து பொறி எழும்பும்போது தட்டு சுழலத் தாமதித்தால் அதுவும் பிழையாக ஏறும். படி இறங்கியபோது திரையில் அறிவிப்பு ஏதும் வராது. காரணம் நீங்கிய பின்னும் படி தானாக ஏறாது. மாணவன் ஒருவன் முதல் வகுப்பிலிருந்து செய்த தவறுகளையெல்லாம் எழுதிவைத்து, ஆறாவது தவறில் அவனை ஓசையின்றிக் கீழ் வகுப்பில் உட்காரவைத்தால் எப்படியிருக்கும்? மைக்ரோசாப்ட் நிறுவனமே பின்னர் இதற்கு மாற்று தந்தது. பொறியின் பதிவேட்டில் ‘ரீசெட் எரர் கவுன்ட்டர்ஸ் ஆன் சக்சஸ்’ என்னும் பதிவைச் சேர்த்தால், ஒருமுறை நடை வெற்றியாக முடிந்ததும் பழைய பிழைக் கணக்கு அழிந்துவிடும். ஆனால் தேவை என்று அறிந்தவர் தாமே தேடிச் சேர்க்க வேண்டிய பதிவு அது.

இனி எங்கள் அலுவலகத்துக்குத் திரும்புவோம். இரண்டாவது பொறிக்கும் கழிவுத் தாள் தயாராகிக் கையொப்பத்துக்காக என் மேசைமேல் இருந்தது. அந்நேரம் பார்த்து, பொறியியற் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த பழைய மாணவன் ஒருவன் சான்றிதழ் நகல் ஒன்றுக்காக வந்தான். பொறி விழிப்பதற்குள் அவன் நாற்காலியில் இருமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டான். “ஐயா, நான் சற்றுப் பார்க்கலாமா?” என்றான். டிவைஸ் மேனேஜர் என்னும் பகுதியைத் திறந்து, வன்தட்டு இணைந்திருந்த வழியின் மேல்நிலை அமைப்பைக் காட்டினான். மேல்வரியில் ‘இயலுமாயின் டி.எம்.ஏ.’ என்றே இருந்தது. அதனடியில் ‘இப்போதைய நடை’ என்ற இடத்தில் பி.ஐ.ஓ. என்று நின்றது. கட்டளை ஒன்று, நடப்பு மற்றொன்று! “இதற்கு வயதாகவில்லை ஐயா, கையால் சுமந்துகொண்டிருக்கிறது” என்றான்.

பிறகு மின்சாரத்தை நிறுத்தி மூடியைத் திறந்தான். 80 கம்பிப் பட்டை வடம் மூடிக்கும் மின்வழங்கிப் பெட்டிக்கும் இடையே அகப்பட்டுக் கூர்மையாக மடிந்து கிடந்தது. முன்பு எவரோ திறந்து மூடியபோது நேர்ந்தது போலும். மறுநாள் புது வடம் ஒன்று வாங்கி வந்து மாட்டினான். பொறி உடனே தேறிவிடும் என்று நான் எதிர்பார்த்தேன், தேறவில்லை. காரணம் நீங்கினும் கணக்கு நீங்கவில்லையே! டிவைஸ் மேனேஜரில் அந்த வழியின் பதிவையே நீக்கிவிட்டுப் பொறியை மீளத் தொடங்கினான். இயக்கி அதனைப் புதிதாகக் கண்டது போல எண்ணி, தட்டை மறுபடி வினவி, பழைய கணக்கில்லாமல் தொடங்கியது. ‘இப்போதைய நடை: அல்ட்ரா டி.எம்.ஏ. 5’ என்று வந்தது. எழுத்தர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “சென்ற ஆண்டு போட்டதற்கும் இதுதானோ?” என்றார். நான் பேசவில்லை.

வரலாற்றின் எஞ்சிய பகுதி சிறிதே. 2003 அளவில் சீரியல் ஏ.டி.ஏ. வந்தது, அகன்ற பட்டை வடத்துக்குப் பதில் ஏழே தொடர்புகள் கொண்ட மெல்லிய வடம், வேகம் நொடிக்கு 150 மெகாபைட்டில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏ.எச்.சி.ஐ. என்னும் பொது முறை வகுத்தார்கள். பொறி தொடங்கும்போது காணும் அமைப்புத் திரையில் ஐ.டி.இ., ஏ.எச்.சி.ஐ. என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி பல பொறிகளில் வைத்தனர். ஐ.டி.இ. என்று தேர்ந்து விண்டோஸ் நிறுவியவர் பின்னர் அதனை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றினால், உரிய இயக்கி முன்கூட்டி ஆயத்தமாக இல்லாதபோது நீலத் திரையே எதிர்ப்படும். 2011இல் வகுக்கப்பெற்ற என்.வி.எம்.இ. முறையில், சுழலும் தட்டே இல்லாத சேமிப்பகம் நினைவகத்திலுள்ள கட்டளை வரிசையைத் தானே வந்து படித்துச் செல்கிறது. தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் நடந்த காலம் மேசைக் கணிப்பொறியில் முடிந்துவிட்டது.

பழைய மாணவன் போகும்போது, வழியின் பதிவை நீக்கும் முறையை ஒரு தாளில் எழுதிப் பொறியின் பக்கவாட்டில் ஒட்டிச் சென்றான். அதற்குப் பின் இருமுறை அது தேவைப்பட்டது; இருமுறையும் எழுத்தரே செய்துகொண்டார். அந்த இரண்டாவது பொறி 2014 வரை எங்கள் அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியல் அச்சிட்டது. முதற்பொறியைப் பழைய சாமான் வாங்குபவர் 2006லேயே எடைக்கு எடுத்துச் சென்றிருந்தார். அதன் வடம் மடிந்திருந்ததா என்று பார்த்தவர் எவருமில்லை.